மரக்காணத்துக்கு யாரு எம்.பி.? - காணாமப் போன திண்டிவனம் தொகுதி

தேர்தல் புள்ளிவிவரப் பைத்தியங்களுக்கு ஒரு கேள்வி. எம்.ஜி.ஆர். காலத்துலயும் சரி, ஜெயலலிதா காலத்துலயும் சரி, ஒரு மக்களவைத் தேர்தல்லகூட இரட்டை இலை ஜெயிக்காத வடதமிழ்நாட்டுத் தொகுதி ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம். ரெண்டு க்ளூ தர்றேன். காங்கிரஸ் தொடர்ச்சியா ஆறு தடவை ஜெயிச்ச தொகுதி. பாட்டாளி மக்கள் கட்சிக்குச் சொந்த ஊர் மாதிரி இருந்தும், அந்தக் கட்சி ஒரே ஒரு தடவைதான் ஜெயிச்சிருக்கு.

விடை: திண்டிவனம். 1952ல் ஆரம்பிச்சு 2004 வரைக்கும் மொத்தம் 14 பொதுத்தேர்தல். 2009 தேர்தலுக்கு முன்னாடி தொகுதியையே கலைச்சுட்டாங்க. "திண்டிவனம் எம்.பி."ன்னு இப்ப யாரும் கிடையாது.

சட்டமன்றத் தொகுதி இருக்கே, அப்புறம் என்ன கவலைன்னு கேக்கலாம். மத்த ஊருக்கு எப்படியோ, மரக்காணத்துக்கு எம்.பி. கொஞ்சம் முக்கியம். காரணம் உப்பு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில சென்னையில இருந்து புதுச்சேரி போயிருந்தீங்கன்னா பாத்திருப்பீங்க. ரோட்டோரமா கண்ணாடி பதிச்ச மாதிரி பாத்தி பாத்தியா தண்ணி நிக்கும், நடுவுல வெள்ளை வெள்ளையா குவியல். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியா தமிழ்நாட்டுல பேர் சொல்ற உப்பளம் இதுதான். 3,000 ஏக்கருக்கு மேல. மத்திய அரசு நிலமும் இருக்கு, மாநில அரசு நிலமும் இருக்கு. அரசியலமைப்புச் சட்டத்தோட ஏழாவது அட்டவணையில மத்தியப் பட்டியல்னு ஒண்ணு இருக்கில்லையா, அதுல 58வது இனம் உப்பு. ராணுவம், ரயில்வே, அணுசக்தி இருக்கற அதே பட்டியல். மத்திய அரசுக்கு உப்பு ஆணையர்னே ஒரு அதிகாரி உண்டு. அவரோட தலைமையகம் எங்க இருந்ததுன்னு நினைக்கிறீங்க? கடலே இல்லாத ஜெய்ப்பூர்ல :-)

அதாவது, பக்கத்து ஊர் நெல் விவசாயிக்குத் தண்ணிப் பிரச்னைன்னா எம்.எல்.ஏ. வீட்டு வாசல்ல போய் நிக்கலாம். உப்பளத்துக்காரருக்குக் குத்தகைப் பிரச்னை, அயோடின் பிரச்னைன்னா அந்த முடிச்சு டெல்லியில இருக்கு. அப்ப அவருக்காக டெல்லியில பேச வேண்டியவர் எம்.பி.தான். அந்த எம்.பி. நாற்காலி யார் யார் கைக்குப் போச்சு, உப்புக்கு அங்க எவ்வளவு இடம் இருந்ததுங்கறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. தொகுதிங்கறது எப்பவோ ஒரு அதிகாரி வரைபடத்துல போட்ட கோடுதான். ஆனா திண்டிவனம், மரக்காணம், வானூர் இதெல்லாம் ஒரே வட்டாரம்ங்கறது ரொம்பப் பழைய சங்கதி. சிறுபாணாற்றுப்படை படிச்சவங்களுக்கு நல்லியக்கோடனைத் தெரியும். ஓய்மானாட்டுத் தலைவன். அவனோட ஊர்களா அந்தப் பாட்டு சொல்றது எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில். எயிற்பட்டினம்தான் மரக்காணம்னு அறிஞர்கள் பலர் சொல்றாங்க. கிடங்கில் இன்னிக்குத் திண்டிவனம் ஊருக்குள்ளயே இருக்கு. அந்த வேலூர், இப்ப இருக்கற உப்புவேலூர்தான்னு சொல்றவங்க உண்டு. பேர்லயே உப்பு! அதே பாட்டுல உமணர்களோட உப்பு வண்டியும் வருது, ஆனா அது கொற்கைப் பக்கத்துக் காட்சி. நம்ம ஊர்க் கணக்குல சேர்த்துக்க எனக்கும் ஆசைதான், விடமாட்டாங்க.

ஆக நல்லியக்கோடன் நாடும் திண்டிவனம் தொகுதியும் பெருமளவு ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தும். தேர்தல் ஆணையத்துக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை.

வெள்ளைக்காரன் காலத்தை ரெண்டு வரியில தாண்டிடறேன். 1805ல் சென்னை மாகாணத்துல கம்பெனி உப்பைத் தன்னோட ஏகபோகமாக்கிக்கிச்சு. பிற்பாடு பக்கிங்காம் கால்வாய் மரக்காணம் வரைக்கும் வந்துச்சு, உப்பு படகேறிச் சென்னைக்குப் போச்சு. 1947 ஏப்ரல்ல உப்பு வரி ஒழிஞ்சது. அப்ப சென்னை மாகாணப் பிரதமரா இருந்தவர் யாரு? அதுக்குச் சில நாள் முன்னாடி, மார்ச் 23ஆம் தேதி பதவியேத்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். ஓமந்தூர் திண்டிவனத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு. வரியை எடுத்தது டெல்லியில இருந்த இடைக்கால அரசு, அதுல ஓமந்தூராருக்குப் பங்கு இல்லை. இருந்தாலும் உப்பு விளையற சீமைக்காரர் ஒருத்தர் மாகாணத்தை ஆண்ட நேரத்துல உப்பு வரி போச்சுன்னு நினைச்சா ஒரு சந்தோஷம்.

இப்ப 1952. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், அதனால கொஞ்சம் நின்னு போவோம்.

அப்பத் திண்டிவனம் இரட்டை உறுப்பினர் தொகுதி. இப்ப இருக்கற பசங்களுக்கு இது புதுசா இருக்கும். ஒரே தொகுதிக்கு ரெண்டு எம்.பி., ஒரு இடம் பொது, இன்னொண்ணு தாழ்த்தப்பட்டோருக்கான தனி இடம். ஒவ்வொரு வாக்காளருக்கும் ரெண்டு ஓட்டு. சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி, நேரு, காந்தி பேரு எல்லாம் இருக்கு. காங்கிரஸ் தூக்கிட்டுப் போயிடும்னுதானே நினைப்பீங்க? ரெண்டு இடத்துலயும் தோத்துச்சு. ஜெயிச்ச வி.முனிசாமி, அ.ஜெயராமன் ரெண்டு பேரும் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி.

இந்தக் கட்சி எங்க இருந்து வந்தது? எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியார் ஆரம்பிச்சது. தென்னார்க்காடு, சேலம் பக்கத்து வன்னியர்களோட கட்சி. வட ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கம் மாணிக்கவேல் நாயக்கரோட காமன்வீல் கட்சி. ரெண்டுக்கும் அடிப்படை ஒரே குறைதான்: "நாங்க இவ்வளவு பேர் இருக்கோம், காங்கிரஸ்ல எங்களுக்கு ஸீட் இல்லை, அரசு வேலையில எங்களைக் காணோம்." 1949ல் தென்னார்க்காடு ஜில்லா போர்டு தேர்தல்ல காங்கிரஸை எதிர்த்து நின்னு 52ல் 22 இடம் பிடிச்சாங்க. அமெரிக்க அறிஞர்களான ருடால்ஃப் தம்பதி இந்தியச் சாதிச் சங்கங்களைப் பத்தி எழுதினப்ப இந்த வன்னியர் கதையைத்தான் முக்கிய உதாரணமா எடுத்துக்கிட்டாங்க. சாதிச் சங்கம் எப்படி ஜனநாயகத்துக்குள்ள ஏறி உட்காருதுன்னு காட்ட அவங்களுக்குக் கிடைச்ச ஆய்வுக்கூடம் நம்ம தென்னார்க்காடு!

1952 சட்டமன்றத் தேர்தல்ல உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம், காமன்வீலுக்கு 6. அந்தத் தேர்தல்ல திமுக போட்டியிடலை. திராவிட நாடு கோரிக்கையைச் சபையில ஆதரிப்போம்னு கையெழுத்துப் போட்ட வேட்பாளர்களை ஆதரிச்சாங்க, இந்த ரெண்டு கட்சிக்காரங்களும் அதுல உண்டு. மொத்தம் 375 இடத்துல காங்கிரஸுக்குக் கிடைச்சது 152தான். பெரும்பான்மை இல்லை. ராஜாஜியை மேலவைக்கு நியமிச்சு முதல்வராக்கினாங்க. அப்புறம் நடந்தது ஊரறிஞ்ச கதை: மாணிக்கவேல் நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையில சேர்ந்தார். 1954ல் காமராஜ் முதல்வரானப்ப ராமசாமி படையாட்சியாரும் மந்திரியானார். ரெண்டு கட்சியும் காங்கிரஸ்ல கரைஞ்சது.

திண்டிவனத்து வாக்காளர் நிலைமையில இருந்து யோசிச்சுப் பாருங்க. காங்கிரஸ் வேணாம்னு ரெண்டு ஓட்டையும் மாத்திக் குத்தினார். ரெண்டு வருஷத்துல அவர் ஜெயிக்க வெச்ச கட்சியே காங்கிரஸ் ஆயிடுச்சு. கட்சி தாவலை நாம இப்பக் கண்டுபிடிச்ச மாதிரி பேசறோம்.

ஆனா அந்த 1952 முடிவுல இன்னொண்ணு இருக்கு. வன்னியர் கட்சின்னு பேர் எடுத்த ஒரு கட்சி, பொது இடத்தையும் தனி இடத்தையும் ஒரே தொகுதியில சேர்ந்து ஜெயிச்சிருக்கு. ஆளுக்கு ரெண்டு ஓட்டுங்கறதால அது சாத்தியமாச்சுன்னு சொல்லலாம்தான். இருந்தாலும் பின்னால இந்தச் சீமையில நடந்ததை எல்லாம் பாக்கறப்போ அந்த முடிவு எனக்கு அதிசயமாத்தான் படுது.

1957ல் திண்டிவனம் ஒரே உறுப்பினர் தொகுதியாச்சு, தனி இடம் போச்சு. நாடு முழுக்க இரட்டைத் தொகுதி முறையையே 1961ல் சட்டம் போட்டு ஒழிச்சாங்க. 1957ல் ஜெயிச்சவர் என்.பி.சண்முக கவுண்டர், சுயேச்சை. ஆமா, ஒரு மக்களவைத் தொகுதியில சுயேச்சை! மறுபடியும் காங்கிரஸ் தோல்வி. 1962லதான் காங்கிரஸுக்கு முதல் வெற்றி, ஆர்.வெங்கடசுப்ப ரெட்டியார். 1967ல் திமுக போட்டியிட்ட 25 மக்களவை இடத்தையும் அள்ளினப்ப இங்க டி.டி.ஆர்.நாயுடு.

1971 ஒரு வேடிக்கையான கணக்கு. இந்திரா காங்கிரஸும் திமுகவும் கூட்டணி. சட்டமன்றத்துல இந்திரா காங்கிரஸுக்கு ஒரு ஸீட்டுகூடக் கிடையாது, முழுக்கத் திமுக. மக்களவையில மட்டும் கொஞ்சம் இடம் விட்டாங்க, அதுல திண்டிவனமும் ஒண்ணு. எம்.ஆர்.லட்சுமிநாராயணன் ஜெயிச்சார். 1977ல் கூட்டணி மாறி அதிமுக பக்கம் போச்சு, ஜெயிச்சது அதே லட்சுமிநாராயணன், அதே காங்கிரஸ்.

இங்க இருந்து 1991 வரைக்கும் திண்டிவனம் காங்கிரஸுக்கு நேர்ந்துவிட்ட தொகுதி. கூட்டணிப் பேச்சுல திராவிடக் கட்சி எது பக்கம் காங்கிரஸ் இருந்தாலும் "திண்டிவனம் உங்களுக்கு"ன்னு தள்ளிடுவாங்க. 71, 77, 80, 84, 89, 91. இரட்டை இலை ஏன் ஜெயிக்கலைங்கற முதல் கேள்விக்கு விடையும் ஏறக்குறைய இதுலயே அடங்கிடுது. இங்க அதிமுக பலவீனமா இருந்ததுன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க.

நடுவுல 1980லயும் 84லயும் ஜெயிச்ச காங்கிரஸ் வேட்பாளர் யாருன்னு பாத்தா நமக்குத் தெரிஞ்ச பேர். எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியார்! 1952ல் காங்கிரஸைத் தோக்கடிக்கக் கட்சி ஆரம்பிச்சவர், 28 வருஷம் கழிச்சு அதே தொகுதியில கை சின்னத்துல எம்.பி. சினிமாவுல வெச்சா நம்பமாட்டோம்.

அவர் எம்.பி.யா இருந்த காலத்துலயே அவரோட அரசியலுக்கு வாரிசு அதே ஊர்ல வளர்ந்துக்கிட்டு இருந்தாங்க. திண்டிவனத்துல மருத்துவம் பாத்துக்கிட்டிருந்த டாக்டர் ராமதாஸ் வன்னியர் சங்கத்தை ஒருங்கிணைச்சார். 1987 செப்டம்பர் 17ல இருந்து ஒரு வாரம் சாலை மறியல். மரங்கள் ரோட்டுல விழுந்தன, சென்னையில இருந்து தெற்கே போற போக்குவரத்து நின்னுச்சு. போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல 21 பேர் செத்தாங்க. 1989ல் கருணாநிதி அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோர்னு பட்டியல் போட்டு 20 சதவீதம் ஒதுக்கிச்சு. அதே வருஷம் ஜூலை 16ல் பாமக பிறந்தது. 1949ல் ஜில்லா போர்டுக்காகக் கேட்ட அதே கேள்விக்கு 40 வருஷம் கழிச்சுக் கிடைச்ச பதில் அது. சரியான பதிலா, போதாத பதிலான்னு விவாதம் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, நான் அதுக்குள்ள போகலை.

1991 தேர்தல் ராஜீவ் கொலைக்குப் பிறகு நடந்தது, அந்த அலையில மறுபடி காங்கிரஸ். 1996ல் திமுகவோட டி.ஜி.வெங்கட்ராமன் ஜெயிச்சுத் தேவகவுடா அமைச்சரவையில தரைவழிப் போக்குவரத்து அமைச்சர் ஆனார். 1998, 99 ரெண்டு தடவையும் மதிமுகவோட செஞ்சி ந.ராமச்சந்திரன். அவரும் வாஜ்பாய் அரசுல இணை அமைச்சர். திண்டிவனத்துக்காரங்க டெல்லியில ஆள் இல்லைன்னு புலம்ப முடியாத காலம் அது. பம்பரம் ரெண்டு தடவை சுத்தின தொகுதி, ஆனா மாம்பழம் அதுவரைக்கும் பழுக்கவே இல்லை. 2004ல்தான் பாமகவோட கு.தன்ராஜ் ஜெயிச்சார். திமுக கூட்டணி 39ஐயும் அள்ளின தேர்தல். அதுவே திண்டிவனம் தொகுதிக்குக் கடைசித் தேர்தல். முதல் தேர்தல்ல உழைப்பாளர் கட்சி, கடைசித் தேர்தல்ல பாமக!

சரி, இதுல உப்பு எங்க?

இங்கதான் நான் கொஞ்ச நாளா மண்டையை உடைச்சுக்கிட்ட விஷயம் வருது. அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு 1998ல் நாடு முழுக்கத் தடை போட்டுச்சு. 2000ல் வாஜ்பாய் அரசு தடையை எடுத்துச்சு. 2005ல் திரும்ப அறிவிச்சு, 2006 மே 17ல இருந்து மறுபடி தடை. இந்த ரெண்டாவது தடை வந்தப்ப மத்திய சுகாதார அமைச்சர் யாரு? டாக்டர் அன்புமணி ராமதாஸ். அவர் மாநிலங்களவை உறுப்பினர், திண்டிவனம் எம்.பி. இல்லை. ஆனா குடும்பத்தோட ஊர் திண்டிவனம் பக்கம். அவங்க கட்சிக்காரர்தான் அப்ப திண்டிவனம் எம்.பி. மரக்காணம் உப்பளம் அதே தொகுதி. ஒரு சின்ன வட்டாரத்துல இவ்வளவும் வந்து சேர்ந்திருக்கு.

தடை தப்புன்னு நான் சொல்லலை. அயோடின் குறைவால முன்கழுத்துக் கழலை வருது, கருவுல இருக்கற குழந்தையோட மூளை வளர்ச்சி பாதிக்குது. அதெல்லாம் மருத்துவ உலகம் ஒத்துக்கிட்ட உண்மை. உப்புல கலக்கறதைவிட மலிவான வழி கிடையாது. ஆனா கலக்கறது யாரு? உற்பத்தி இடத்துல பத்து லட்சத்துல 30 பங்கு, வாங்கறவர் கைக்கு வர்றப்ப 15 பங்கு அயோடின் இருக்கணும். அதுக்குப் பொட்டாசியம் அயோடேட் வேணும், தெளிக்கற இயந்திரம் வேணும், சோதனை பண்ண ஆள் வேணும், பாக்கெட் போடணும். அஞ்சு ஏக்கர், பத்து ஏக்கர் பாத்தி வெச்சு வெயிலை நம்பிப் பிழைக்கறவர் இதை எல்லாம் எப்படிச் செய்வார்? கச்சா உப்பை மூட்டை கட்டி யாவாரிகிட்ட கொடுத்துட வேண்டியதுதான். அவர் தோல் பதனிடவோ, கருவாடு போடவோ, அயோடின் கலக்கற ஆலைக்கோ அனுப்புவார். விலை பேசற இடத்துல உப்பளத்துக்காரர் இல்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2011 ஜூலையில நீதிமன்றம் அந்த விதி சட்டப்படி செல்லாதுன்னு சொல்லுச்சு, ஆனா உடனே நிறுத்தாம அரசுக்கு ஆறு மாசம் அவகாசம் கொடுத்துச்சு. அதுக்குள்ள புது உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள்ல அதே தடை வந்து உட்கார்ந்துடுச்சு. காந்தி உப்பு எடுத்தப்ப அது சர்வதேசச் செய்தி. இந்த உப்பு வழக்கு நம்ம வட்டாரப் பேப்பர்லகூடப் பெருசா வரலைங்கறது என் ஞாபகம்.

உப்பு விளையற விதத்தையும் சொல்லிடறேன், அப்பதான் அடுத்து வர்றது புரியும். கடல் தண்ணியோட அடர்த்தி போமே கணக்குல மூணு, மூணரை டிகிரி. அதை ஒரு பாத்தியில இருந்து இன்னொண்ணுக்கு மாத்தி மாத்தி வெயில்ல காயவிட்டு 24, 25 டிகிரிக்குக் கொண்டுவந்தா உப்பு பூக்கும். ஜனவரி வாக்குல ஆரம்பிச்சு மழைக்காலம் வரைக்கும் சீசன். ஏப்ரல், மே, ஜூன்தான் உச்சம். இப்ப தேர்தல் தேதிகளைப் பாருங்க. 2004ல் மே 10. 2009ல் மே 13. 2014ல் ஏப்ரல் 24. 2019ல் ஏப்ரல் 18. 2024ல் ஏப்ரல் 19. எல்லாமே உப்பு நல்லா பூக்கற நாள். 1952ல் ஜனவரி, 1962லயும் 67லயும் பிப்ரவரி, 84ல் டிசம்பர்னு நடந்ததெல்லாம் பழங்கதை. வெள்ளாமை காலம் பாத்துத் தேர்தல் வைக்கச் சொல்லி யாரும் கேக்க முடியாதுதான். ஆனா அன்னிக்கு ஓட்டுப் போடப் போனா அரை நாள் கூலி யோசிக்கணும்.

போன வருஷங்கள்ல ஒருமுறை அந்தப் பக்கம் போனப்ப, டீக்கடையில நிழலுக்கு ஒதுங்கின ஒரு அம்மாகிட்ட பேச்சுக் கொடுத்தேன். உப்பு வாரி, கூடையில சுமந்து அம்பாரத்துல கொட்டற வேலை. காலெல்லாம் வெடிப்பு. "உங்க எம்.பி. யாருங்கம்மா?"ன்னு கேட்டேன். "ஓட்டு கேட்டு வந்தாங்க தம்பி, வண்டியில நின்னு கும்பிட்டாங்க. திண்டிவனத்துக்காரரா விழுப்புரத்துக்காரரான்னு யாரு கண்டா. உப்பு ஆபீசுக்காரங்க வந்தா தெரியும்"ன்னாங்க. பக்கத்துல இருந்த பெரியவர், "திண்டிவனம் எம்.பி.ன்னு இப்ப கெடையாதும்மா, எடுத்துட்டாங்க"ன்னார். "எப்போ?" "ஆச்சு, ரொம்ப வருஷம்." அந்தம்மா டீயை ஆத்திக்கிட்டே "அப்பிடியா"ன்னாங்க, அவ்வளவுதான்.

எடுத்தது எப்படின்னா, நீதிபதி குல்தீப் சிங் தலைமையில அமைஞ்ச மறுவரையறை ஆணையம். 2001 மக்கள்தொகைக் கணக்குப்படி எல்லைகளைத் திருத்தினாங்க. மொத்த எண்ணிக்கையில கை வைக்கக் கூடாதுன்னு சட்டம், அதனால தமிழ்நாட்டுக்கு 39 அப்படியே. உள்ளுக்குள்ள கோடு மட்டும் மாறும். 2008 பிப்ரவரி 19ல் அமலுக்கு வந்தது. சிவகாசி, பழனி, புதுக்கோட்டை, ராசிபுரம், நாகர்கோவில், செங்கல்பட்டு, வந்தவாசின்னு பழைய பேர்கள் வரிசையாப் போச்சு. புதுக்கோட்டைக்காரங்க போராடினாங்க, 49-ஓ போடச் சொல்லிப் பிரசாரம் எல்லாம் நடந்துச்சு. திண்டிவனத்துக்காக அப்படி ஒரு சத்தம் என் காதுல விழலை.

திண்டிவனத்தை ரெண்டா வெட்டினாங்க. செஞ்சிப் பக்கம் ஆரணித் தொகுதிக்கு. திண்டிவனம், வானூர், கூடவே மரக்காணம், எல்லாம் புது விழுப்புரம் தொகுதிக்கு. விழுப்புரம் தனித்தொகுதி. தமிழ்நாட்டுல தனித்தொகுதி எண்ணிக்கை மறுவரையறைக்கு முன்னாடியும் ஏழு, பின்னாடியும் ஏழுதான், இடம் மட்டும் மாறிச்சு. 1957ல் இந்தக் கடற்கரை இழந்த தனி இடம் 52 வருஷம் கழிச்சு, 2009ல் வேற பேர்ல திரும்பி வந்தது. திண்டிவனம் சட்டமன்றத் தொகுதியும் 2011 தேர்தல்ல இருந்து தனி.

2009ல் அதிமுகவோட மு.ஆனந்தன் ஜெயிச்சார். இரட்டை இலை இந்தக் கடற்கரைக்கு ஒருவழியா எம்.பி. கொடுத்தது, தொகுதி பேரை மாத்தின பிறகு. 2014லயும் அதிமுக, எஸ்.ராஜேந்திரன். பதவிக்காலம் முடியறதுக்குள்ள 2019 பிப்ரவரியில திண்டிவனம் பக்கத்துலயே கார் விபத்துல இறந்துட்டார். 2019ல் விடுதலைச் சிறுத்தைகளோட து.ரவிக்குமார், உதயசூரியன் சின்னத்துல நின்னு பாமக வேட்பாளரை ஜெயிச்சார். 2024ல் மறுபடி அவரே, இந்தத் தடவை பானை சின்னம். சிறுபத்திரிகை படிக்கற கூட்டத்துக்கு அவரை எழுத்தாளரா முன்னாடியே தெரியும்.

இதுக்கு நடுவுல 2013 ஏப்ரல் 25. மாமல்லபுரத்துல வன்னியர் சங்கத்தோட சித்திரை முழுநிலவு விழா. அதுக்குப் போற வண்டிகள் மரக்காணம் வழியாப் போனப்ப கலவரம். தலித் மக்களோட வீடுகள் எரிஞ்சது, விழாவுக்குப் போன ரெண்டு பேர் இறந்தாங்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில போக்குவரத்து நின்னுச்சு. நாடு முழுக்க மரக்காணம்ங்கற பேர் அன்னிக்குத்தான் தெரிஞ்சது. அடுத்து 2023 மே மாசம் எக்கியார்குப்பத்துல மெத்தனால் சாராயம் குடிச்சுச் செத்தப்ப மறுபடி தெரிஞ்சது. உப்புக்காக அந்தப் பேர் தலைப்புச் செய்தியில வந்து நான் பாத்ததில்லை. 2013 செய்திகளைப் படிச்சப்ப எனக்கு 1952ல் ரெண்டு ஓட்டையும் ஒரே கட்சிக்குக் குத்தின அந்த வாக்காளர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவரோட பேரப்பிள்ளைகள் அன்னிக்கு ரோட்டோட எந்தப் பக்கம் நின்னாங்களோ.

மத்தபடி, திண்டிவனம்-செஞ்சி-திருவண்ணாமலை ரயில் பாதைன்னு ஒண்ணு, மாமல்லபுரம் வழியாக் கடற்கரையோரமாப் புதுச்சேரிக்கு ரயில்னு ஒண்ணு, ரெண்டும் திண்டிவனம் தொகுதி உயிரோட இருந்த காலத்துல இருந்து பேசப்பட்டு வருது. தண்டவாளம்தான் வரலை. கழுவெளி ஏரியை 2021ல் பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க, பறவைகளுக்காவது ஒரு எல்லைக்கோடு நிலையாக் கிடைச்சது. மழைக்கால வேலையிழப்புக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் 2022ல இருந்து வர ஆரம்பிச்சதே, அது மாநில அரசுத் திட்டம். மத்தியப் பட்டியல்ல இருக்கற தொழிலுக்கு மாநில அரசு கொடுக்கற காசு! 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தப்ப மயிலத்துல ஒரே நாள்ல 51 செ.மீ. மழை. பாத்திக்கும் கழுவெளிக்கும் வித்தியாசம் தெரியலை. கரைகட்டி, சேறு மிதிச்சுப் பாத்தியைத் திரும்ப இறுக்கினாதான் அடுத்த சீசன்.

இனி அடுத்த மறுவரையறை. 84வது திருத்தப்படி 2026க்கு அப்புறம் எடுக்கற முதல் மக்கள்தொகைக் கணக்கு வரைக்கும்தான் இடங்களோட எண்ணிக்கைக்குப் பூட்டு. தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் குறையும், வடக்கே எத்தனை கூடும்னு பெரிய சண்டை நடக்குது, நடக்க வேண்டியதும்தான். அந்தச் சண்டை முடிஞ்சு 39ஓ வேற எதுவோ, ஒரு எண்ணிக்கை முடிவானதும் யாரோ ஒரு அதிகாரி மறுபடி வரைபடத்தை விரிச்சு வெச்சு மரக்காணத்தைச் சுத்திக் கோடு போடுவார். மேற்கே ஆரணியோட சேர்ப்பாங்களா, வடக்கே செங்கல்பட்டுப் பக்கம் தள்ளுவாங்களா, விழுப்புரத்துலயே விடுவாங்களா பாக்கலாம். கடற்கரையை மட்டும் நீளவாக்குல ஒரு தொகுதியா, கோவளத்துல இருந்து கோட்டக்குப்பம் வரைக்கும் மீனவரையும் உப்பளத்தையும் சேர்த்துப் போட்டா எப்படி இருக்கும்னு ஒரு நாள் காகிதத்துல வரைஞ்சு பாத்தேன். வால் மாதிரி இருக்கு, நடக்கற காரியம் இல்லை.

பக்கிங்காம் கால்வாயை இதுல ரெண்டு வரியில தாண்டிட்டேன்னு திட்டாதீங்க, அதைத் தனியாத்தான் எழுதணும். உப்புப் படகு, பஞ்ச காலத்துக் கூலி வேலைன்னு அதுல விஷயம் நிறைய இருக்கு.